குட்டை பெட் பிக்கப்புக்கு எந்த ஃபிஃப்த் வீல் ஹிட்ச்?

ஃபிஃப்த் வீல் ட்ரெய்லரை, அதாவது பிக்கப்பின் சரக்குத் தட்டான பெட்டுக்கு மேல் மூக்கை நீட்டிக் கோத்துக்கொள்ளும் ஊர்தி வீட்டை, இழுப்பவர்கள் எல்லாரும் பயப்படும் சத்தம் ஒன்று உண்டு: பிக்கப்பின் பின் கண்ணாடி நொறுங்கும் சத்தம். இது நெடுஞ்சாலையில் 65 மைல் வேகத்தில் நடப்பதில்லை. முகாம் இடத்துக்குள் ரிவர்ஸ் எடுக்கும்போது, நடந்து போகிறவரை விட மெதுவாக வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது நடக்கிறது. ட்ரெய்லரின் முன் மூலை மெல்ல வந்து கேபினில் முட்டும். கண்ணாடி போகும், கேபினின் தகடு நசுங்கும், ட்ரெய்லரின் ஃபைபர்கிளாஸ் முகப்பிலும் விரிசல் விழும்.

எட்டடி பெட் உள்ள வண்டிகளில் இந்தப் பயம் அநேகமாக இல்லை. ஆனால் அமெரிக்காவில் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்கள் இன்று வாங்குவது பெரும்பாலும் நாலு கதவு கேபினும் குட்டை பெட்டும் உள்ள பிக்கப். தினசரி ஓட்டவும் பார்க்கிங்கில் நிறுத்தவும் அதுதான் வசதி. அப்புறம் ஒரு ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் மேல் ஆசை வரும்போது இரண்டையும் கோக்க எந்த ஹிட்ச் என்ற கேள்வி வந்து நிற்கிறது. கடைக்காரர் ஒரு பெயர் சொல்வார், பக்கத்து முகாமில் இருப்பவர் இன்னொன்று சொல்வார், இருவருக்கும் தாங்கள் வாங்கியதுதான் உலகத்திலேயே சிறந்தது.

இந்த இணைப்பைத் துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகளில் பார்த்திருப்பீர்கள். ட்ரெய்லரின் மூக்கிலிருந்து கீழே நீட்டிக்கொண்டிருக்கும் தடித்த முளைதான் கிங்பின். ஊர்தி வீடுகளில் அதன் விட்டம் 2 அங்குலம். பிக்கப்பின் பெட்டில் நிற்கும் ஹிட்ச் அதைத் தாடையால் கவ்விக்கொள்ளும். எடை பின் ஆக்சிலுக்கு நேர் மேலேயோ ஓரிரு அங்குலம் முன்னாலோ விழ வேண்டும். சாலையில் ஃபிஃப்த் வீல் ஆடாமல் ஓடுவதற்குக் காரணமே இந்த இடம்தான். குட்டை பெட்டில் தொல்லை தருவதும் இதே இடம்தான்.

சரி, கணக்கைப் பார்த்துவிடுவோம். ஹெவி டியூட்டி பிக்கப்களில் எட்டடி பெட் என்றால் கேபினின் பின் சுவருக்கும் பின் ஆக்சிலின் நடுவுக்கும் இடையே ஏறத்தாழ 56 அங்குலம் இருக்கும். குட்டை பெட்டில் அது ஏறத்தாழ 40 ஆகிவிடும். ட்ரெய்லரின் அகலம் 96 முதல் 102 அங்குலம் வரை. வண்டியும் ட்ரெய்லரும் 90 பாகையில் மடங்கி நிற்கும்போது, ட்ரெய்லரின் பக்கச் சுவர் கிங்பின்னிலிருந்து கேபினை நோக்கி அதன் பாதி அகலம், அதாவது 48 முதல் 51 அங்குலம், நீண்டிருக்கும். இருப்பதோ 40. மீதி எட்டு அங்குலம் எங்கிருந்து வரும்? கேபினிலிருந்துதான் வரும்.

ஆனால் 90 பாகை வரை மடங்கும் தேவை எப்போது வருகிறது? கிங்பின் முகப்பை விட 20 அங்குலம் முன்னே நீண்டிருக்கும் 96 அங்குல அகல ட்ரெய்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முகப்பு தட்டையானது என்றே வைத்துக்கொள்வோம். 45 பாகைத் திருப்பத்தில் அதன் மூலை கிங்பின்னுக்கு முன்னே 20 அங்குலம்தான் வருகிறது. 60 பாகையில் 32. எழுபதைத் தாண்டியதும் 39, 40 என்று கேபினைத் தொடுகிறது. கிங்பின் இவ்வளவு முன்னே நீளாத பழைய வடிவமாக இருந்தால் 55 பாகையிலேயே இடிக்கும். சாலையில், சிக்னலில், பெட்ரோல் பங்கில் திரும்பும்போது 45, 50 பாகைக்கு மேல் போக வேண்டிய அவசியம் பொதுவாக வராது. ஆக, நீங்கள் காசு கொடுத்துத் தீர்க்கப் பார்ப்பது ரிவர்ஸில் கடைசி இருபது பாகைக்கான பிரச்சினை. இதை மனதில் வைத்துக்கொண்டு பட்டியலைப் பார்த்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

பெட்டில் ஏறி நீங்களே அளக்க வேண்டும். விற்பனைத் தாளில் இருக்கும் பெட் நீளத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். இருபக்கச் சக்கரங்களின் நடு மையத்துக்கு நேராக பெட்டின் விளிம்பில் ஆளுக்கொரு துண்டு டேப் ஒட்டுங்கள். இரண்டுக்கும் இடையே ஒரு நூலைக் கட்டி, நூலிலிருந்து கேபினின் பின் சுவர் வரை அளவெடுங்கள். ஹிட்ச் ஆக்சிலுக்கு 1 அங்குலம் முன்னே உட்காரும் மாடல் என்றால் அந்த 1 அங்குலத்தைக் கழித்துவிடுங்கள். கிடைக்கும் எண், ட்ரெய்லரின் பாதி அகலத்தை விட அதிகமா குறைவா? கேள்வி அவ்வளவுதான். ஃபோர்டு சூப்பர் டியூட்டியின் குட்டை பெட் 6.75 அடி, ராம் 2500-இல் 6 அடி 4 அங்குலம். பெயருக்கு இரண்டும் குட்டைதான், ஆனால் அந்த ஐந்து அங்குல வித்தியாசம் இங்கே பெரிய விஷயம். எஃப்-150 போன்ற, அரை டன் என்று அழைக்கப்படும் இலகு ரக வண்டிகளில் வரும் ஐந்தரை அடி பெட் வேறு ஜாதி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஹிட்ச் வகைகளுக்குப் போகும் முன் ஓட்டுநர் கதவைத் திறந்து சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். உங்கள் வண்டியின் பேலோடு அதுதான். ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் தன் மொத்த எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை கிங்பின் வழியாக பிக்கப்பின் மேல் சாய்க்கும். கணக்குக்கு 20 என்று வைப்பது வழக்கம். 12,000 பவுண்டு ட்ரெய்லர் என்றால் 2,400 பவுண்டு. ஹிட்ச் 200, நாலு பேர் 600, கூடவே பெட்டில் போடும் விறகு, ஜெனரேட்டர், குளிர்பெட்டி. 3,300 பவுண்டைத் தாண்டிவிடும்.

ராம் 2500 போன்ற முக்கால் டன் ரக டீசல் பிக்கப்களில் பலவற்றின் ஸ்டிக்கர் 2,000-க்கும் 2,500-க்கும் நடுவில்தான் நிற்கிறது. 18,000 பவுண்டு இழுக்கும் என்று விளம்பரத்தில் வரும். இழுக்கும், பொய்யில்லை. இழுப்பது வேறு, சுமப்பது வேறு. பின் ஸ்பிரிங்குக்கு உதவும் ஹெல்பர் ஏர்பேக் போட்டால் பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும். ஸ்டிக்கரில் உள்ள எண் ஏறாது. ட்ரெய்லர் கையேட்டில் போட்டிருக்கும் கிங்பின் எடையும் காலி வண்டியின் எடை. முன்பக்க அறையில் பேட்டரியும் புரொபேன் சிலிண்டர்களும் ஏறியதும் அது எகிறும். டேபிள்டாப் கிரைண்டரையும் இருபது பவுண்டு அரிசிப் பையையும் வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பும் தமிழ்க் குடும்பத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், ஹிட்ச்சின் எடையும் இதே கணக்கில்தான் வருகிறது. 35, 40 பவுண்டு ஹிட்ச்சும் உண்டு, 300 பவுண்டை நெருங்குவதும் உண்டு. பேலோடில் ஏற்கெனவே மூச்சு முட்டுகிறவருக்கு அந்த வித்தியாசம் ஒரு ஆளும் அவர் பெட்டியும். சந்தேகம் இருந்தால் நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் எடைமேடை இருக்கும். சில டாலர் செலவில் ட்ரெய்லரோடு ஒரு முறையும் இல்லாமல் ஒரு முறையும் ஏற்றிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இனி ஹிட்ச்சுக்கு வருவோம்.

நகராத ஹிட்ச்தான் இருப்பதிலேயே எளியது, மலிவானது, பழுதாக எதுவும் இல்லாதது. குட்டை பெட்டில் இது சரிப்படாது என்று பலர் ஒரே போடாகப் போட்டுவிடுவார்கள். பத்துப் பதினைந்து வருடம் முன்பு அது சரி. இப்போது இந்தியானாவின் எல்கார்ட் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் புதிய ட்ரெய்லர்களில் பல, முகப்பின் இரு மூலைகளையும் உள்வாங்கிச் சீவிய வடிவத்தில் வருகின்றன. கிங்பின்னைத் தாங்கும் கிங்பின் பெட்டியும் முன்னே நீண்டிருக்கும். 90 பாகைக்கு மடங்கும்போது கேபினின் மூலை அந்த உள்வாங்கிய பள்ளத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெட் ஆறரை அடியும் அதற்கு மேலும் இருந்து, ட்ரெய்லரும் இந்த வகையாக இருந்தால் நகரும் ஹிட்ச்சுக்குக் கொடுக்கும் காசு வீண் என்பது என் கட்சி.

ஒரே ஒரு நிபந்தனை. குட்டை பெட்டோடு 90 பாகை திரும்பும் என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த பெட், ஹிட்ச் எங்கே உட்கார்ந்திருந்தது என்பதை வைத்துத்தான் அந்தப் பேச்சு. கையெழுத்துப் போடும் முன் உங்கள் வண்டியிலேயே கோத்து, கடை வளாகத்தில் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு மெல்ல மடக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தரை சமமாக இருக்கும்போது நாலு விரல் இடைவெளி இருந்தால் அது போதாது. முகாமில் வண்டி ஒரு பக்கம் பள்ளத்தில் இறங்கினால் ட்ரெய்லரின் மேல் முனை அந்தப் பக்கம் சாயும். கேபினுக்கும் மூலைக்கும் இடையே ஒரு சாணாவது வேண்டும்.

கையால் நகர்த்தும் ஸ்லைடர்தான் குட்டை பெட் உலகத்தின் நடுத்தர வர்க்கம். ஓடும்போது ஹிட்ச்சின் தலை ஆக்சிலுக்கு மேலே பூட்டியிருக்கும். தேவைப்படும்போது பத்துப் பன்னிரண்டு அங்குலம் பின்னே நகரும். 40-இல் அந்த 1 அங்குலம் கழித்த 39 இப்போது 51 ஆகிவிட்டது. 96 அங்குல ட்ரெய்லர் சமதரையில் இடிக்காமல் திரும்பும், 102 அங்குலம் என்றால் இழுபறி. கான்சாஸில் ஹம்போல்ட் என்ற சிற்றூரில் தயாராகும் பி அண்ட் டபிள்யூ கம்பேனியன் வரிசையிலும், கர்ட், ரீஸ் வரிசைகளிலும் இந்த வகை கிடைக்கிறது.

இதை நகர்த்துவது எப்படி என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இதன் நல்லது கெட்டது இரண்டும் இந்தச் செய்முறையில்தான் இருக்கிறது. முதலில் வண்டியும் ட்ரெய்லரும் நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். இறங்கிப் போய் பெட்டின் ஓரத்திலிருந்து ஸ்லைடர் லீவரை இழுத்துத் திறந்துவிட வேண்டும். தாடையைத் திறக்கும் லீவர் பக்கத்திலேயே இருக்கும். அவசரத்தில் அதை இழுத்துத் தொலைத்தவர்கள் உண்டு. திரும்ப ஏறி, டாஷ்போர்டில் பிரேக் கன்ட்ரோலரின் குட்டி நெம்பை அழுத்தி ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு, பிக்கப்பை மெதுவாக முன்னே விட வேண்டும். ட்ரெய்லர் அசையாமல் நிற்கும், பிக்கப் அதன் அடியிலிருந்து முன்னே நழுவும், கடைசியில் ‘டக்’ என்று பூட்டு விழும். இறங்கிப் போய் அது இரண்டு பக்கமும் முழுதாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முகாமுக்குள் நிறுத்தியாயிற்றா, கிளம்பும்போது இதையே தலைகீழாகச் செய்து ஹிட்ச்சை முன்னே கொண்டுவர வேண்டும்.

சமதளத்தில், நேராக, யாரும் காத்திருக்காத இடத்தில் இதெல்லாம் இரண்டு நிமிட வேலை. ஆனால் இந்த வேலை தேவைப்படும் இடம் எப்படி இருக்கும்? அமெரிக்கத் தேசியப் பூங்காக்களிலும் மாநிலப் பூங்காக்களிலும் பழைய முகாம்கள் பலவற்றை 1933 முதல் 1942 வரை இருந்த சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ் திட்டத்தின் இளைஞர்கள் கட்டினார்கள். அந்தக் காலத்துக் காருக்கும் கூடாரத்துக்கும் அளவெடுத்துப் போட்ட பாதைகள் அவை. குறுகலான ஒருவழி வளைவு, இரு பக்கமும் பைன் மரம், திரும்பும் இடத்திலேயே ஒரு பாறை. நீங்கள் பாதி மடங்கிய நிலையில் நிற்கும்போதுதான் ‘ஐயோ, ஸ்லைடரைத் தள்ளவில்லையே’ என்று தோன்றும். அந்த வளைந்த நிலையில் பூட்டு முளை இறுகிக்கொண்டு லீவர் அசையாது. பின்னால் இரண்டு வண்டி காத்திருக்கும். மனைவி வாக்கி டாக்கியில் ‘இன்னும் வாங்க, இன்னும் வாங்க’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்; அவர் பார்ப்பது ட்ரெய்லரின் பின்பக்கத்தை, முட்டப்போவது முன்பக்கம்.

அதனால் கை ஸ்லைடரின் உண்மையான விலை ஓட்டுநரின் ஞாபகம். முகாம் வாசலில் பதிவு செய்ய நிறுத்தும்போதே, சாலை நேராக இருக்கும்போதே, ஸ்லைடரைத் தள்ளிவிடும் பழக்கம் இருப்பவருக்கு இது அருமையான ஹிட்ச். கிளம்பும்போது திரும்பத் தள்ள மறப்பதும் சின்ன விஷயமில்லை. தலை பின்னே இருக்கும் நிலையில் எடை ஆக்சிலுக்குப் பின்னால் விழுவதால் முன் சக்கரங்கள் லேசாகிவிடும், ஸ்டீயரிங் பிடி குறையும். அந்த நிலை ஊர்ந்து திரும்புவதற்கு மட்டும்; நெடுஞ்சாலைக்கு ஆகாது.

இந்த ஞாபகச் சுமையை இரும்பிடம் ஒப்படைப்பதுதான் தானியங்கி ஸ்லைடர். இந்தியானாவின் மிஷவாகாவில் இருக்கும் புல்ரைட் நிறுவனத்தின் சூப்பர்கிளைட் இதில் பிரபலம். அயோவாவின் டெம்கோவும் ஆட்டோஸ்லைடு என்று ஒன்று செய்கிறது. ட்ரெய்லரின் கிங்பின் பெட்டியில் ஒரு பிடிதட்டு பொருத்தப்படும். அது ஹிட்ச்சின் தலையோடு பூட்டிக்கொள்ளும். அதனால் கிங்பின் ஹிட்ச்சுக்குள் தனியாகச் சுழலாது. ட்ரெய்லர் திரும்பினால் ஹிட்ச்சின் தலையும் கூடவே திரும்பும். அந்தச் சுழற்சியே அடியில் இருக்கும் வளைதடம் வழியாகத் தலையைப் பின்னே தள்ளும். நேராகும்போது தானாக முன்னே வந்துவிடும். இறங்கவும் வேண்டாம், லீவரும் வேண்டாம், மறப்பதற்கும் எதுவுமில்லை.

கேட்கவே இனிக்கிறது அல்லவா? விலை கசக்கும். கை ஸ்லைடரைப் போல இரு மடங்கு வரை போகலாம். எடையும் அதிகம், பேலோடு ஸ்டிக்கரை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். தடங்களுக்கும் உருளைகளுக்கும் ஒழுங்காகக் கிரீஸ் வைக்க வேண்டும். பாலைவனத் தூசியில் ஓடிவிட்டு வந்தால் துடைத்துவிட்டு வைக்க வேண்டும். அப்புறம் அந்தப் பிடிதட்டு. கிங்பின் பெட்டி ஒவ்வொன்றுக்கும் அது வேறு வேறு மாடல். ட்ரெய்லரை மாற்றினால் தட்டையும் மாற்ற வேண்டியிருக்கும். வழியில் உங்கள் பிக்கப் படுத்துவிட்டால் வேறு ஹிட்ச் வைத்த வண்டி உங்கள் ட்ரெய்லரைத் தட்டைக் கழற்றாமலே இழுக்குமா என்று வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோப்பதிலும் ஒரு கண்டிப்பு உண்டு: ஓரளவு நேராகப் பின்னே வந்தால்தான் தட்டு பள்ளத்தில் உட்காரும். கோணத்தில் வந்து எப்படியோ கவ்வவைக்கும் சோம்பேறித்தனம் இதில் செல்லாது.

இருந்தாலும், ஓரிரு நாளுக்கொரு முகாம் மாறுகிறவர், அதிலும் பழைய பூங்கா முகாம்களையே தேடிப் போகிறவர் என்றால் நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன். பணத்தைப் பார்த்தால் கை ஸ்லைடர். ஆனால் ஒரு பின் கண்ணாடியும் ஒரு ட்ரெய்லர் முகப்பும் மாற்றும் செலவில் இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் கரைந்துவிடும்.

இன்னொரு வழி பெட்டை விட்டுவிட்டு ட்ரெய்லரில் கைவைப்பது. சைட்வைண்டர் என்ற பெயரில் வந்து, பிறகு ரீஸ் நிறுவனத்தின் ரெவல்யூஷன் என்று விற்கப்பட்ட சுழல் கிங்பின் பெட்டி இந்த வகை. ட்ரெய்லரோடு வந்த பெட்டியைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டுவார்கள். கிங்பின் ஹிட்ச்சுக்குள் ஓர் ஆப்பு வைத்து அசையாமல் பூட்டப்படும். திரும்பும் இடம் கிங்பின்னிலிருந்து 22 அங்குலம் பின்னால், அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சுழல்மேடைக்குப் போய்விடும். கணக்கில் 39 இப்போது 61. எந்த அகல ட்ரெய்லரும் கேபினைத் தொடாது.

அழகு என்னவென்றால், பிக்கப்பில் சாதாரண நகராத ஹிட்ச் போதும். நேராக ஓடும்போது எடையும் ஆக்சிலுக்கு மேலேயே நிற்கும். குறை என்னவென்றால், இது ட்ரெய்லரின் எலும்புக்கூட்டில் செய்யும் அறுவை. நெம்பும் விசையின் நீளம் மாறுகிறது, திருப்பத்தில் சட்டகத்துக்குப் புது வகை முறுக்கு வருகிறது. சட்டகம் செய்த நிறுவனம் இந்தப் பெட்டியை ஏற்குமா, உத்தரவாதம் நிற்குமா என்பதை எழுத்தில் வாங்காமல் தொடாதீர்கள். ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது’ என்று கடைக்காரர் வாயால் சொல்வது உத்தரவாதம் ஆகாது. ஆப்பும் உங்கள் ஹிட்ச் மாடலுக்கென்று இருப்பதாகவே இருக்க வேண்டும். இடைவெளி இருந்தால் ஒவ்வொரு பிரேக்கிலும் தட்டும், தேயும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது ஸ்லைடர்களுக்கும் பொருந்தும். திரும்பும் புள்ளி ஆக்சிலுக்குப் பின்னால் போய்விட்டால் ரிவர்ஸ் எடுக்கும் குணமே மாறும். ஆக்சிலுக்கு மேலே இருக்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் ட்ரெய்லர் கொஞ்சம் யோசித்துத்தான் திரும்பும். பின்னே போனதும் சட்டென்று பதில் சொல்லும். முதல் தடவை காலி மைதானத்தில் பழகிக்கொள்வது நல்லது.

பெட்டின் நடுவில் நிற்கும் பந்தில் கோக்கும் கூஸ்நெக் வகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐடஹோ ஃபால்ஸில் செய்யப்படும் ஆண்டர்சன் அல்டிமேட் அலுமினிய ஹிட்ச்சில் தாடை கிடையாது, பந்து. கிங்பின்னில் ஒரு கவ்வியை மாட்டிவிட்டால் அது பந்தின் மேல் வந்து உட்காரும். எடை 40 பவுண்டுக்குள், ஒரே ஆள் தூக்கிக் கராஜில் வைத்துவிடலாம். வார நாட்களில் பெட்டை வேறு வேலைக்குப் பயன்படுத்துகிறவருக்கும், பேலோடில் ஐம்பது நூறு பவுண்டு மிச்சம் பிடிக்கப் பார்ப்பவருக்கும் மனதுக்குப் பிடிக்கும். ஆனால் இது கேபினுக்கு இடம் தருவதில்லை. மூலை சீவிய ட்ரெய்லருக்கு மட்டும்தான் குட்டை பெட்டில் இது விடை. கிங்பின்னிலிருந்து பெட் தரை வரை நீளும் குழாய் அடாப்டர் வேறு, இது வேறு. அந்தக் குழாய் நெம்புகோலாக மாறிச் சட்டகத்தை வதைக்கும். எழுத்தில் உத்தரவாதம் என்ற பாட்டை இங்கேயும் பாட வேண்டியதுதான்.

பெட்டில் எப்படிப் பொருத்துவது என்பது வாங்கும்போது அதிகம் பேசப்படாத, விற்கும்போது உறைக்கும் விஷயம். ஃபோர்டு, ஜிஎம், ராம் மூன்றும் ஹெவி டியூட்டி வண்டிகளில் தொழிற்சாலையிலேயே பெட் தரையில் நாலு குழிகளும் நடுவில் பந்துக்கான துளையும் வைத்துத் தருகிறார்கள். இந்த வசதியைக் கேட்டு வாங்கிவிடுங்கள். ஹிட்ச்சின் கால்கள் அதில் இறங்கி கால்வட்டத் திருப்பில் பூட்டிக்கொள்ளும், கழற்றிவிட்டால் தரை சமம். ஆனால் மூவருடைய குழி அமைப்பும் ஒன்றல்ல. ஃபோர்டிலிருந்து ராமுக்கு மாறினால் அடிப்பாகத்தைப் புதிதாக வாங்க வேண்டும். இந்த வசதி இல்லாத வண்டியில் பெட்டைத் துளைத்து தண்டவாளங்கள் பூட்ட வேண்டும். பிரேக் குழாயும் எரிபொருள் குழாயும் அடியில் எங்கே ஓடுகின்றன என்று தெரிந்தவர் கையில்தான் அந்த டிரில் இருக்க வேண்டும். எந்த ஹிட்ச் ஆனாலும் ட்ரெய்லரின் அடிப்பக்கத்துக்கும் பெட்டின் விளிம்புக்கும் இடையே ஆறு அங்குலமாவது விட்டு உயரத்தை வையுங்கள். குண்டுகுழியில் ஏறி இறங்கும்போது அந்த ஆறும் தின்னப்படும்.

இனி அரை டன், ஐந்தரை அடி பெட். இங்கே ஹிட்ச் கேள்வி இரண்டாவது. முதல் கேள்வி பேலோடு, பெரும்பாலும் அங்கேயே பேச்சு முடிந்துவிடும். 7,500 பவுண்டு எடையுள்ள சிறிய ஃபிஃப்த் வீல் கூட 1,500 பவுண்டை ஆக்சில் மேல் வைக்கும். அதன் மேல் ஹிட்ச், குடும்பம். பல அரை டன் வண்டிகளின் ஸ்டிக்கர் 1,600, 1,800 என்று நிற்கும்போது இதற்கு இடமே இல்லை. அதே 7,500 பவுண்டில் பம்பரில் இழுக்கும் டிராவல் ட்ரெய்லர் வாங்கினால் முன்பாரம் 10 முதல் 15 சதவீதம்தான், நடுவாக எடுத்தால் 940 பவுண்டு. எடை பிரிக்கும் ஹிட்ச்சும் ஆட்டம் தடுக்கும் கம்பிகளும் போட்டு நிம்மதியாகப் போகலாம். ஸ்டிக்கர் தாராளமாக இருந்து, ஃபிஃப்த் வீல்தான் வேண்டும் என்றால், இந்த பெட்டுக்குச் சுழல் பெட்டி அல்லது ஐந்தரை அடிக்கென்றே செய்த தானியங்கி ஸ்லைடர், இரண்டில் ஒன்று. பன்னிரண்டு அங்குலம் நகரும் சாதாரண கை ஸ்லைடர் இங்கே போதாது.

என்னிடம் ஆறே முக்கால் அடி பெட்டும் ஸ்டிக்கரில் 3,000-க்கு மேலும் இருந்து, மூலை சீவாத பழைய ட்ரெய்லரைக் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தால் எதை எடுப்பேன்? ஒரே முகாமில் பத்து நாள் தங்கும் ஆள் நான். நேராக உள்ளே போய் நேராக வெளியே வரும் இடமாகப் பார்த்துத்தான் பதிவு செய்வேன். கை ஸ்லைடர் போதும். அரிசோனாவின் குவார்ட்ஸ்சைட் மாதிரி திறந்த பாலைவனத்தில் குளிர்காலம் முழுதும் போய் உட்காருகிறவருக்கு அதுகூட எப்போதாவதுதான் வேலை செய்யும். பணி ஓய்வு பெற்று வருடம் முழுக்க ஊர் ஊராகப் போகப்போகும் தம்பதிக்கு, அதிலும் இருவரில் ஒருவருக்கு முழங்கால் வலி இருந்தால், தானியங்கியைத் தவிர வேறு எதையும் நான் பேச மாட்டேன். பெட்டுக்குள் ஏறி இறங்குவதும் இறுகிய லீவரோடு மல்லுக்கட்டுவதும் அறுபது வயதுக்கு மேல் விளையாட்டில்லை.

எதை வாங்கினாலும் கோத்த பிறகு இரண்டு சோதனைகளை விட்டுவிடாதீர்கள். டார்ச் அடித்து ட்ரெய்லரின் அடித்தட்டும் ஹிட்ச்சின் தட்டும் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். இடையே வெளிச்சம் தெரிந்தால் கிங்பின் தாடைக்குள் இறங்காமல் மேலே தொற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படியே கிளம்பினால் ட்ரெய்லர் கழன்று பெட்டின் மேல் படுத்துவிடும். அடுத்தது, தாங்குகால்களை முழுதும் தூக்கும் முன், ட்ரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பிக்கப்பை மெதுவாக முன்னே இழுத்துப் பாருங்கள். கவ்வியிருந்தால் இழுபடாது. ட்ரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் அவசர பிரேக் கம்பியை ஹிட்ச்சில் மாட்டாமல் வண்டியில் மாட்டுங்கள். ஹிட்ச்சே கழன்று போனால் அதில் மாட்டிய கம்பியால் என்ன பயன்?

பழைய ஹிட்ச்சுகள் நிறைய விற்பனைக்கு வருகின்றன, ட்ரெய்லரை விற்பவர்கள் இதையும் கூடவே தள்ளிவிடுவார்கள். நகராத ஹிட்ச் என்றால் தைரியமாக வாங்கலாம்: வெல்டிங்கில் விரிசல் இல்லாமல், தாடை தேயாமல், எத்தனை பவுண்டு தாங்கும் என்ற தகடு படிக்கும்படி இருந்தால் சரி. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ வகுத்த ஜே2638 தரத்தில் சோதிக்கப்பட்டது என்று அதிலோ கையேட்டிலோ இருந்தால் இன்னும் நல்லது. கை ஸ்லைடரை நேரில் இரண்டு முறையாவது நகர்த்திப் பார்த்து, இரு பக்கப் பூட்டும் ஒரே நேரத்தில் விழுகிறதா என்று கவனியுங்கள். தானியங்கியைப் பழையதாக வாங்கும்போது மட்டும், உங்கள் ட்ரெய்லரின் கிங்பின் பெட்டியில் அச்சடித்திருக்கும் மாடல் எண்ணைப் போனில் படமெடுத்துக்கொண்டு போங்கள். அதற்கேற்ற பிடிதட்டு இன்னும் கடையில் கிடைக்கிறதா என்று தெரிந்த பிறகு விலை பேசலாம்.